விடுதலைக்குப் பின்வந்த சொற்கள்: அமெரிக்கக் கறுப்பின உழைப்பாளர் ஆவணங்களின் மொழியும் தமிழாக்கமும்

1. நோக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1860ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு 39,53,760 பேரை அடிமைகள் என்று பதிந்தது. உள்நாட்டுப் போர் முடிவுற்ற 1865ஆம் ஆண்டில், டிசம்பர் 6ஆம் நாள், அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் ஏற்புப் பெற்றது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதன்பின் அம்மக்கள் யாருடைய நிலத்தில், எந்த நிபந்தனையில், எத்துணைக் கூலிக்கு உழைத்தனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பனவற்றை அறியப் பலவகை ஆவணங்கள் உள்ளன. உழைப்பு ஒப்பந்தங்கள், மாநிலச் சட்டங்கள், தீர்ப்புகள், விண்ணப்பங்கள், கடிதங்கள், முதுமையில் கூறிய நினைவுரைகள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

வரலாற்றாசிரியர்கள் இவற்றைச் சான்றுகளாகப் பயன்படுத்தியுள்ளனர். இக்கட்டுரை இவற்றை மொழிப்பனுவல்களாகக் கொண்டு திறனாய்கிறது. அடிமைமுறை ஒழிந்தபின் பழைய உறவுகள் பல புதிய பெயர் பெற்றுத் தொடர்ந்தன. ஒப்பந்தம், பங்கு, முன்பணம், கணக்கு முடித்தல் என்னும் சொற்களை நிலவுடைமையாளரும் வழங்கினர், விடுபட்டோரும் வழங்கினர், இருவரும் ஒரே பொருளில் வழங்கவில்லை. ஆகவே இவற்றைத் தமிழாக்குவோர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே, அறிந்தோ அறியாமலோ, இருதரப்பில் ஒன்றைச் சார்ந்துவிடுகின்றனர். அச்சார்பு எங்கெங்கு நிகழ்கிறது என்பதைக் காட்டுவதே இங்கு நோக்கம்.

2. விடுவிக்கப்பட்டோர், விடுபட்டோர்

ஆங்கில ஆவணங்களில் இம்மக்களைக் குறிக்கும் பொதுச்சொல் 'ஃபிரீட்மென்' என்பது. விடுவித்தல் என்னும் செயலின் பயனை ஏற்றவர் என்பதே அதன் சொல்லமைப்புத் தரும் பொருள். தமிழில் இதற்கு மூன்று வடிவங்கள் இயல்கின்றன. 'விடுவிக்கப்பட்டோர்' என்பது பிறவினையின் செயப்பாட்டு வடிவம்; விடுவித்தவர் ஒருவர் உண்டு என்பதை அது உள்ளடக்கி நிற்கிறது. 'விடுதலை பெற்றோர்' என்பதில் விடுதலை கொடைப்பொருளாகிறது. 'விடுபட்டோர்' என்பதில் வெளியேறும் வினை அவர்களுடையதாகவே நிற்கிறது.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கமன்று. டு பாய்ஸ் 1935இல் வெளியிட்ட 'கறுப்பின மறுசீரமைப்பு' என்னும் நூலில், போர்க்காலத்தில் அடிமைகள் தோட்டங்களை விட்டுப் பெருந்தொகையாக வெளியேறியதைப் பொதுவேலைநிறுத்தம் என்றே பெயரிட்டு விளக்கினார். வடபுலப் படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் படைவீரராகப் பணியாற்றினர். தம் விடுதலையில் தாமே வினைமுதலாக நின்றோரைச் செயப்பாட்டு வடிவத்தால் மட்டுமே சுட்டுவது அவர்தம் செயலை மறைப்பதாகும்.

எனினும் எல்லா இடத்திலும் ஒரே வடிவத்தைப் பெய்வதும் பிழையாகும். 1865 மார்ச் 3ஆம் நாள் நிறுவப்பெற்று 1872 வரை இயங்கிய அரசு அமைப்பின் முழுப்பெயர் அகதிகள், விடுவிக்கப்பட்டோர், கைவிடப்பட்ட நிலங்கள் ஆகியவற்றுக்கான பணியகம் என்பது. அங்கே பேசுவது அரசு. தன்னை விடுவித்தவராகக் கருதும் அரசு. ஆதலின் அப்பெயரில் செயப்பாட்டு வடிவமே பொருந்தும். அதே பெயரிலுள்ள 'கைவிடப்பட்ட நிலங்கள்' என்னும் தொடரும் கருதத்தக்கது. 1861 நவம்பரில் வடபுலக் கடற்படை தென் கரோலினாவின் கடல்தீவுகளை அடைந்தபோது உடைமையாளர் ஓடிப்போயினர். உழுதவர்கள் அங்கேயே தங்கினர். உழுதவர் நிற்கும் நிலத்தைக் கைவிடப்பட்டது என்றல், உடைமையாளரை மட்டுமே நிலத்திற்குரியவராகக் கொள்ளும் முற்கோளின் விளைவு. மொழிபெயர்ப்பு இம்முற்கோளைத் திருத்த வேண்டுவதில்லை. ஆனால் அதனை அரசின் சொல்லாக அடையாளம் காட்ட வேண்டும்.

3. ஒப்பந்தம் என்னும் சொல்

1865 ஜனவரி 12ஆம் நாள் ஜார்ஜியாவின் சவானா நகரில், தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டனும் கறுப்பினத் தலைவர் இருபதின்மரைச் சந்தித்தனர். அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃபிரேசியர் என்னும் சமயகுரு, அடிமைத்தனம் என்பது ஒருவருடைய உழைப்பை அவர் இசைவின்றி வலிமையால் கொள்வது என்றும், விடுதலை என்பது தம் உழைப்பின் பயனைத் தாமே துய்க்கும் நிலை என்றும் விளக்கி, அதற்கு நிலம் வேண்டும் என்றார். நான்கு நாள் கழித்து ஷெர்மன் பிறப்பித்த ஆணையின்படி கடற்கரை நிலம் குடும்பத்திற்கு 40 ஏக்கருக்கு மிகாமல் பகிரப்பட்டது. ஏறத்தாழ 40,000 பேர் அதில் குடியேறினர். அவ்வாண்டு இறுதிக்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலத்தின் பெரும்பகுதியைப் பழைய உடைமையாளருக்கே மீட்டளித்தார். நிலத்தின் இடத்தில் வந்து நின்றது ஒப்பந்தம்.

ஃபிரேசியரின் விளக்கத்தில் அடிமைத்தனத்தையும் விடுதலையையும் பிரிக்கும் கூறு இசைவு. ஒப்பந்தத்தின் உயிரும் இசைவே. எனவே பணியகத்தின் அலுவலர் பலர் ஒப்பந்தத்தையே விடுதலையின் அடையாளமாக நம்பினர். ஆனால் அக்காலச் சட்டங்களில் அச்சொல் எவ்வாறு வழங்கிற்று என்பதைக் காண வேண்டும்.

1865 நவம்பரில் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய சட்டத்தின் தலைப்பு விடுவிக்கப்பட்டோர்க்குக் குடியுரிமைகள் வழங்குவதாகக் கூறுகிறது. அதன் உட்பிரிவுகள் கூறுவன வேறு. நகராட்சி பெற்ற ஊர்களுக்கு வெளியே அவர்கள் நிலமோ வீடோ வாடகைக்குக் கொள்ளலாகாது. 1866 ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமைக்குள் ஒவ்வொருவரும் தமக்கு வீடோ வேலையோ உண்டென்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருத்தல் வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தக்க காரணமின்றி வேலையை விட்டால் அதுவரை ஈட்டிய அவ்வாண்டுக் கூலியை இழப்பர். அவ்வாறு விட்டவரைப் பிடித்துக் கொணர்வோர்க்கு 5 டாலரும், கடந்த தொலைவிற்கு மைலுக்கு 10 சென்ட்டும் உண்டு. தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தந்தோர்க்கு வழங்கிய பரிசின் மறுவடிவமே இது.

தென் கரோலினாவின் சட்டம் சொல்லாட்சியிலேயே நேர்படப் பேசியது. ஊழியத்திற்கு ஒப்பந்தம் செய்யும் நிறமுடையோர் 'ஊழியர்' என்றும், அவர்களோடு ஒப்பந்தம் செய்வோர் 'எஜமானர்' என்றும் வழங்கப்பெறுவர் என்று அது விதித்தது. இசைவினரான இருதரப்பினர் என்னும் பொருளை ஒப்பந்தம் என்னும் சொல் தருகிறது. அடுத்த வரியிலேயே அதைச் சட்டம் பறித்துக்கொள்கிறது. இதனைத் தமிழாக்குவோர் 'எஜமானர்' என்பதை 'வேலையளிப்பவர்' என மென்மையாக்கினால் சட்டத்தின் முகமே மறைந்துவிடும்.

இச்சட்டங்களில் வரும் வேறு இரு சொற்களும் எச்சரிக்கையோடு ஆளத்தக்கவை. ஒன்று, வேலையின்றி அலைவோரைக் குறிக்கும் குற்றச்சொல். இதற்கு 'நாடோடி' என்பது பொருந்தாது. 'சோம்பித் திரிவோர்' என்பது சட்டம் இயற்றியோரின் மதிப்பீட்டை அப்படியே ஏற்பதாகும். நடைமுறையில் அச்சொல் குறித்தது ஒப்பந்தச் சான்று இல்லாதவரை. அந்நாளில் விடுபட்டோர் பலர் விற்கப்பட்டுப் பிரிந்த மனைவி, கணவர், மக்களைத் தேடி வழிநடந்தனர்; ஃபிலடெல்ஃபியாவின் 'கிறிஸ்டியன் ரெக்கார்டர்' போன்ற இதழ்களில் உறவினரைத் தேடி அவர்கள் விளம்பரம் இட்டனர். ஒரே பயணம் ஒரு மொழிவழக்கில் உறவு தேடல். மற்றொரு மொழிவழக்கில் குற்றம். மற்றொன்று, 'அப்பிரண்டிஸ்' என்பது. இதற்குத் 'தொழிற்பயிலுநர்' என்னும் கலைச்சொல் நம்மிடம் ஆயத்தமாக உள்ளது. ஆனால் இச்சட்டங்கள் சிறுவரைப் பழைய உடைமையாளரிடமே ஒப்படைக்க வழிசெய்தன. மேரிலாந்தில் எலிசபெத் டர்னர் என்னும் சிறுமியின் வழக்கில், தலைமை நீதிபதி சேஸ் 1867இல் அத்தகைய ஒப்படைப்பு விருப்பமில்லா ஊழியமே எனத் தீர்ப்பளித்தார். பயிற்சி இல்லாத இடத்தில் பயிலுநர் என்று எழுதுவது பொய்யாகும். 'ஒப்படைக்கப்பட்ட சிறுவர்' என்பதே உண்மைக்கு அணுக்கமானது.

4. பங்கும் வாரமும்

கூலி ஒப்பந்தங்களை விடுபட்டோர் விரும்பவில்லை. கண்காணிப்பாளரின் கீழ்க் கூட்டமாக உழைப்பதும், பழைய அடிமைக் குடியிருப்பில் தங்குவதும் அவர்களுக்கு அடிமைக்காலத்தையே நினைவூட்டின. குடும்பமாகத் தனித்து உழைக்கவும் தனி வீட்டில் வாழவும் அவர்கள் விரும்பினர். ஜார்ஜியாவின் பாரோ தோட்டத்தைப் பற்றி 1881இல் 'ஸ்கிரிப்னர்ஸ் மன்த்லி' வெளியிட்ட இரு நிலப்படங்கள் இதனைத் தெளிவுறக் காட்டுகின்றன. 1860ஆம் ஆண்டுப் படத்தில் குடிசைகள் உடைமையாளர் வீட்டின் அருகே நெருங்கி நிற்கின்றன; 1881ஆம் ஆண்டுப் படத்தில் வீடுகள் தோட்டம் முழுவதும் சிதறி, அவரவர் உழும் நிலத்தின் அருகே அமைந்துள்ளன. நிலம் கைமாறவில்லை, ஆனால் வாழிடம் மாறிற்று. இம்மாற்றத்தின் பொருளியல் வடிவமே விளைச்சலில் பங்கு பெறும் முறை.

இம்முறையைத் தமிழில் 'வாரம்' என்று பெயர்ப்பது இயல்பாகத் தோன்றும். மேல்வாரம், குடிவாரம் என்னும் சொற்கள் நம் நிலவுடைமை வழக்கில் நெடுங்காலமாக வேரூன்றியவை. ஆனால் அச்சொல்லில் குடிக்கு ஓர் உரிமை ஒட்டியிருக்கிறது. குடிவாரம் என்றால் உழுதவன் பெறும் பகுதி மட்டுமன்று. சாகுபடி செய்யும் உரிமையும் அதில் அடங்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிலை வேறு. ஜார்ஜியா உச்சநீதிமன்றம் 1872இல் ஆப்ளிங் எதிர் ஓடம் என்னும் வழக்கில், பங்குக்கு உழுபவர் குத்தகையாளர் அல்லர் என்றும், அவருக்குரிய பங்கு கூலி கொடுக்கும் ஒரு முறையே என்றும் கருதியது. அத்தகைய சட்டநிலையில் நிலமும் விளைச்சலும் உடைமையாளரின் ஆட்சியில் இருந்தன. உழுதவருக்குரியது பிரித்துத் தரப்படும் பங்கு மட்டுமே.

ஆகவே 'வாரக்குடி' என்று பெயர்த்தால் அவருக்கு இல்லாத உரிமையைத் தந்துவிடுகிறோம். 'பண்ணையாள்' என்று பெயர்த்தால், அவர் போராடிப் பெற்ற தனி வாழிடத்தையும் குடும்ப உழைப்பையும் பறித்துவிடுகிறோம். தஞ்சையில் பண்ணையாளும் குத்தகைக் குடியும் வெவ்வேறு நிலையினர் என்பதை 1952ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரே இருவரையும் தனித்தனியே சுட்டிக் காட்டும். அமெரிக்கப் பங்குழவர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர். அவரைப் 'பங்குக்கூலி உழவர்' என்றும், தாமே கருவியும் கால்நடையும் கொண்டு பங்கு கொடுத்தவரை 'வாரக் குத்தகையாளர்' என்றும் வேறுபடுத்தல் தகும்.

பங்கின் அளவைவிடக் கணக்கின் மொழியே பங்குழவர் வாழ்வை மிகுதியாக வரையறுத்தது. விதைப்பு முதல் அறுவடை வரை உணவும் உடையும் கடைக்காரரிடம் கடனாகக் கொள்ளப்பட்டன. வரவிருக்கும் விளைச்சலே ஈடு. ஒரே பொருளுக்கு ரொக்கவிலை ஒன்று, கடன்விலை ஒன்று என இருவிலை வழங்கிற்று. ரான்சம், சட்ச் ஆகிய பொருளியலார் 1977இல் வெளியிட்ட ஆய்வில், ஜார்ஜியாவில் இவ்விருவிலை வேறுபாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 60 விழுக்காட்டு வட்டிக்கு நிகர் என்று கணக்கிட்டனர். ஆண்டிறுதியில் உடைமையாளர் கணக்கு முடிப்பார். கணக்கேடு அவர் கையில். எழுத்தறிவு பெரும்பாலும் அவர் பக்கத்தில். 1870இல் கறுப்பினத்தவருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரும், 1900இல் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரும் எழுத்தறியாதவர்.

'கணக்கு முடித்தல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு உடன்பாட்டுக்கு வருதல் என்னும் பொருளும் உண்டு. உடன்பாடு இல்லாத இடத்தில் அச்சொல் வழங்கியதே அதன் கொடுமை. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஃபிலிப்ஸ் மாவட்டத்தில் பங்குழவர் தம் பருத்திக்கு நேர்மையான கணக்குக் கேட்கச் சங்கம் அமைத்தனர். 1919 செப்டம்பர் 30 இரவு ஹூப் ஸ்பர் என்னும் இடத்துத் தேவாலயத்தில் கூடியபோது மூண்ட துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டனர். சங்கத்தவர் பன்னிருவர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் அறுவரின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1923இல் கும்பலின் ஆதிக்கத்தில் நடந்த விசாரணை முறையான விசாரணை ஆகாது என்று கூறியது. கணக்கைக் காட்டு என்று கேட்பதே உயிருக்கு ஊறாக முடிந்த சூழலில் அச்சொல்லை வெறும் வணிகச்சொல்லாகப் பெயர்க்க இயலாது.

தமிழர்க்கு இத்தகைய கடன்மொழி புதிதன்று. இலங்கைத் தோட்டங்களில் 1921 வரை வழங்கிய 'துண்டு' என்னும் கடன்சீட்டு, தொழிலாளரின் கடனையும் இடப்பெயர்வையும் ஒருங்கே பிணித்தது. ஆனால் ஒப்புமை உண்டு என்பதற்காக அச்சொல்லையே அமெரிக்கப் பனுவலில் பெய்தால், படிப்போர் கண்முன் தேயிலைத் தோட்டம் தோன்றும், பருத்திக்காடு மறைந்துவிடும். அத்தகைய சொற்கள் மொழிபெயர்ப்பாளருக்குப் புரிதலைத் தரலாம். பனுவலில் இடம்பெற வேண்டுவதில்லை.

5. விலக்குத் தொடரின் எல்லை

தொடரமைப்பு, சொல்லைவிட மறைவாக வேலை செய்வது. பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறை, விருப்பமில்லா ஊழியம் என்னும் இரண்டையும் விலக்குகிறது. இரண்டாவது பெயர்த்தொடரை அடுத்து, வினைக்கு முன்பாக, முறையாகக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவருக்குத் தண்டனையாக அமைவது நீங்கலாக என்னும் பொருளில் ஒரு விலக்குத் தொடர் செருகப்பட்டுள்ளது. இத்தொடர் இரண்டு பெயர்களையும் தழுவுமா, அண்மையிலுள்ள ஊழியத்தை மட்டும் தழுவுமா என்பதை ஆங்கிலத் தொடரமைப்பு அறுதியிடவில்லை.

தமிழில் அடைகள் தாம் தழுவும் உறுப்பிற்கு முன்னரே வருதல் இயல்பு. எனவே 'குற்றத்திற்குத் தண்டனையாக அன்றி, அடிமைமுறையோ விருப்பமில்லா ஊழியமோ நிலவலாகாது' என்று எழுதினால் விலக்கு இரண்டையும் தழுவும். 'அடிமைமுறையோ, குற்றத்திற்குத் தண்டனையாக அன்றி விருப்பமில்லா ஊழியமோ, நிலவலாகாது' என்று எழுதினால் அடிமைமுறை விலக்கின்றி ஒழிகிறது. ஆங்கிலத்தில் இருபொருளாய் நிற்பது தமிழில் ஒருபொருளாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர் அறியாமலே ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறார்.

இந்த ஐயத்தின் விலை பெரிது. வர்ஜீனியா நீதிமன்றம் 1871இல் ரஃபின் என்பவரின் வழக்கில் தண்டனை பெற்ற கைதி அக்காலத்திற்கு அரசின் அடிமையே எனக் கருதியது. தென்மாநிலங்கள் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிக்கும் தோட்டங்களுக்கும் வாடகைக்கு விட்டன. சிறுகுற்றங்களுக்கும் ஒப்பந்தமின்மைக்கும் பிடிபட்ட கறுப்பினத்தவரே அவர்களுள் பெரும்பான்மையினர். இம்முறையை அலபாமா 1928இல்தான் முற்றாகக் கைவிட்டது. முன்பணம் பெற்று வேலையை விட்டவரை மோசடிக் குற்றவாளியாக்கிய அலபாமாச் சட்டத்தை உச்சநீதிமன்றம் 1911இல் பெய்லி வழக்கில் செல்லாதாக்கியது; அதுவரை கடன், குற்றமென்று பெயர் மாறி, விலக்குத் தொடரின் வாயிலில் நுழைந்தது. இத்திருத்தத்தைப் பெயர்ப்போர் இருபொருளைக் காக்க முடியாவிடின், தாம் ஒன்றைத் தெரிந்துகொண்டதை உரைக்குறிப்பில் தெரிவித்தல் கடமை.

6. முன்னிலை வடிவம்

இதுவரை கண்டவை ஆட்சியாளர் மொழி. விடுபட்டோர் தம் குரலில் எழுதியவற்றுள் பலரும் அறிந்தது ஜோர்டன் ஆண்டர்சனின் கடிதம். ஒகையோவின் டேடன் நகரிலிருந்து 1865 ஆகஸ்டில் டென்னசியிலிருந்த தம் பழைய உடைமையாளருக்கு அவர் சொல்ல, பிறர் எழுதியது அது. அவ்வாண்டே நாளிதழ்களில் வெளிவந்தது. திரும்பிவந்து வேலைசெய்யுமாறு உடைமையாளர் அழைத்ததற்கு விடையாக அது அமைந்தது. தமக்கு இப்போது மாதம் 25 டாலரும் உணவும் உடையும் கிடைப்பதைக் கூறி, தாம் உழைத்த 32 ஆண்டுகளுக்கு மாதம் 25 டாலர் வீதமும், மனைவி உழைத்த 20 ஆண்டுகளுக்கு வாரம் 2 டாலர் வீதமும் கணக்கிட்டு 11,680 டாலர் கேட்கிறார் அவர். உடை, மருத்துவர் வருகை, பல் பிடுங்கிய செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளவும் இசைகிறார். கணக்கேடு எப்போதும் உடைமையாளர் கையிலிருந்த உலகில், கணக்கை உழைத்தவரே எழுதிக்காட்டும் அரிய பனுவல் இது. பெருக்கிப் பார்த்தால் தொகை ஒரு டாலரும் பிசகவில்லை.

இதனைத் தமிழாக்குவோர் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிக்கலை எதிர்கொள்வர். ஆங்கில முன்னிலைப் பெயர் ஒன்றே. தமிழிலோ நீ, நீர், நீங்கள், தாங்கள் என விரிகிறது. 'நீ' என்றால் வெளிப்படையான சினமாகிவிடும். கடிதத்தில் அது இல்லை. 'நீங்கள்' என்றால் இரு சமநிலையாளர் உரையாடலாகும். அதற்கு முந்தைய வரலாறு மறைந்துவிடும். பணிவின் வடிவத்தை இறுதிவரை குலையாமல் வைத்து, அதற்குள்ளேயே தம்மைச் சுட முயன்றதையும் தம் இனப் பெண்மக்கள் பட்ட இழிவையும் நினைவூட்டுவதே அக்கடிதத்தின் ஆற்றல். எனவே 'தாங்கள்' என்னும் வடிவமே தக்கது. அங்கதம் பணிவில் பிறக்கிறது. பணிவை நீக்கினால் அங்கதமும் நீங்கிவிடும்.

'மாஸ்டர்' என்பதற்கு 'ஆண்டை' என்னும் சொல் சிலர் மனத்தில் எழலாம். அச்சொல் சாதி உறவு ஒன்றையும் உடன்கொணர்கிறது. நிறத்தின் அடிப்படையிலான அமெரிக்க அடிமைமுறையும் நம் சாதிமுறையும் ஒப்பிடத்தக்கவை. 1873இல் ஜோதிராவ் ஃபுலே தம் மராத்தி நூலை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குப் படைத்தார். ஆனால் ஒப்பிடுதல் வேறு, ஒன்றாக்குதல் வேறு. 'எஜமானர்' என்பதே இங்குப் போதும்.

கடிதத்தில் மற்றொரு சிறுகுறிப்பு உண்டு. டேடன் நகரத்தார் தம் மனைவியைத் திருமதி ஆண்டர்சன் என்று அழைப்பதாக அவர் தெரிவிக்கிறார். பழைய ஊரில் அவர் மேண்டி மட்டுமே. கூலி, உணவு, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து இவ்விளிமுறையும் வாழ்நிலையின் ஒரு கூறாகக் கூறப்படுகிறது. மரியாதைச்சொல்லை வாழ்க்கை வசதிகளுள் ஒன்றாக எண்ணிய இவ்வறிவைத் தமிழ் படிப்போர் எளிதில் உணர்வர். ஆதலின் 'திருமதி' என்பதைத் தவறாமல் எழுத வேண்டும்.

7. நினைவுரைகளின் எழுத்து

1936 முதல் 1938 வரை கூட்டரசின் எழுத்தாளர் திட்டத்தின்கீழ் 17 மாநிலங்களில் முன்னாள் அடிமைகள் 2,300க்கு மேற்பட்டோர் நினைவுரை வழங்கினர். இவற்றை எழுதியோர் பலரும் கறுப்பினத்தவர் பேச்சைச் சிதைந்த எழுத்துக்கூட்டலில் பதிந்தனர். அவற்றுள் ஒருபகுதி உண்மையான ஒலிவேறுபாட்டைக் காட்டுவதே அன்று. இறந்தகாலத் துணைவினையை எல்லா அமெரிக்கரும் ஏறத்தாழ ஒரே வகையில் ஒலிக்கின்றனர். ஆனால் கறுப்பினத்தவர் கூறும்போது மட்டும் அதன் எழுத்து மாற்றப்பட்டது. ஒலி மாறவில்லை, மதிப்பு மாறிற்று. இத்திட்டத்தில் பணியாற்றிய கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன், மரபுத்தொடருக்கு உண்மையாய் இருத்தலே முதன்மை, ஒலிப்பைத் துல்லியமாகக் காட்டல் அதற்கு அடுத்ததே என்னும் நெறியை வலியுறுத்தினார்.

ஒலிப்பதிவு இருந்தால் சிக்கல் தீரும் என்று கருதலாம். பெய்லி, மேய்னர், குகர்-அவிலா ஆகியோர் 1991இல் பதிப்பித்த தொகுதியில் பதினொரு ஒலிப்பதிவுகளின் எழுத்துப்படிகள் இடம்பெற்றன. ஒரே ஒலிப்பதிவைக் கேட்ட மொழியியலார் சில இடங்களில் வேறுவேறாகக் கேட்டனர் என்பதை அத்தொகுதியின் கட்டுரைகளே காட்டுகின்றன. கேட்பவர் காதும் ஒரு கருத்தை உடையது.

கேட்பவர் யார் என்பதும் பொருளை மாற்றும். சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்னும் மூதாட்டியை 1937இல் இருவர் தனித்தனியே சந்தித்தனர். வெள்ளையினப் பெண் எழுதிய உரையில் உடைமையாளர் இரக்கமுடையவர். கறுப்பின ஆண் எழுதிய உரையில் சாட்டையடியும் குடும்பங்கள் பிரிந்து விற்கப்பட்டதும் பேசப்படுகின்றன. முன்னவரை அம்மூதாட்டி அரசின் உதவித்துறையைச் சேர்ந்தவர் என்று கருதியதாகத் தெரிகிறது. அடிமைக்கால உணவைச் சிலர் புகழ்ந்துரைத்ததையும் இவ்வாறே படிக்க வேண்டும். அது 1850களின் உணவைப் பற்றிய சான்று மட்டுமன்று. 1937இன் பசியைப் பற்றிய சான்றும் ஆகும்.

தமிழாக்கத்தில் இவ்வுரைகளை நம் ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்றின் கிளைமொழியிலோ, ஒரு வட்டார வழக்கிலோ பெயர்க்கும் எண்ணம் தோன்றலாம். அது அக்கிளைமொழியைத் தாழ்வின் குறியாக்கும். அமெரிக்கரையும் நம் சாதி ஏணியில் ஒரு படியில் நிறுத்திவிடும். தமிழின் இரட்டைவழக்கு இங்கு உதவுகிறது. பேச்சுத்தமிழ் கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் பொது. ஆகவே நினைவுரையைப் பொதுப்பேச்சுத்தமிழில் தருவது தக்கது. ஆனால் வினவுபவரின் கேள்வியையும் பேச்சுத்தமிழிலேயே தருதல் வேண்டும். வினவுபவர் எழுத்துத்தமிழிலும் விடைகூறுபவர் பேச்சுத்தமிழிலும் பேசினால், மூலத்தின் எழுத்துக்கூட்டல் செய்த வேற்றுமையை நாம் இரட்டிப்பாக்குகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1949இல் பால்டிமோர் நகரில் ஒலிப்பதிவான உரையில் ஃபவுன்டன் ஹியூஸ் என்னும் முதியவர், விடுதலைக்குப்பின் தங்க இடமின்றி அலைந்ததையும், தம் தாய் மாதம் ஒரு டாலருக்குத் தம்மைப் பிறரிடம் விட்டதையும் கூறுகிறார். அவர் ஆளும் வினை கட்டுதல் என்னும் பொருளுடையது. 'வேலைக்கு அமர்த்தினார்' என்று பெயர்த்தால் பொருள் தேய்ந்துவிடும். 'மாசம் ஒரு டாலருக்கு என்னை ஆளா விட்டாங்க' என்று பெயர்த்தால் தாயின் வறுமையும் மகனின் நிலையும் ஒரு வினையில் அடங்குகின்றன. இங்குத் திரிபான எழுத்துக்கூட்டல் தேவைப்படவில்லை, மரபுத்தொடரே போதுமானது. பிரவுனின் நெறி தமிழிலும் செல்லும் என்பதற்கு இது சான்று.

8. முடிவு

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவதாக, இவ்வாவணங்களில் ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்னும் கலைச்சொல் நெறி பொருந்தாது. பேசுபவர் அரசா, உடைமையாளரா, உழைத்தவரா என்பதைக் கொண்டே சொல் அமைய வேண்டும். இரண்டாவதாக, நம் நிலவுடைமைச் சொற்கள் வளமானவை. ஆயின் அவை ஒவ்வொன்றும் ஓர் உரிமையையோ உரிமையின்மையையோ உடன்கொணர்வன. அதனை அளந்தே ஆள வேண்டும். மூன்றாவதாக, முன்னிலைப் பெயர், விளி, அடைத்தொடரின் இடம், பேச்சுவழக்கின் பங்கீடு ஆகியவற்றில் தமிழ் இலக்கணம் நம்மைத் தேர்வு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. அத்தேர்வு மொழியியல் தேர்வு மட்டுமன்று.

எழுத்தறியாதவர் ஒப்பந்தத்தின் அடியில் இட்ட பெருக்கற்குறியைச் சூழ்ந்து, இது இன்னாருடைய குறி என்று பிறர் எழுதிவைத்தனர். அக்குறிக்கு மேலுள்ள வாசகம் அவருடையதன்று; அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது மட்டுமே. அவ்வாவணத்தைத் தமிழாக்கும் நாமும் அவர் பெயருக்கு மேலே எழுதும் பிறரே ஆவோம். நாம் எழுதும் வாசகத்தை அவருக்குப் படித்துக் காட்டினால் அவர் இசைந்து குறியிடுவாரா என்று ஒவ்வொரு சொல்லிலும் கேட்டுக்கொள்ளுதல், மொழிபெயர்ப்புத் தேர்வுகளுக்கு நல்லதோர் அளவுகோலாகும்.